கீழே இருந்து வந்த வெயில்

விடியற்காலையில் தலையணை உறையைப் படம் பிடித்து யாராவது அனுப்புவார்களா? டூகலின் அக்கா மார்லீன் அனுப்பியிருந்தாள். வெள்ளை உறை. வலது பக்கத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தக் கறை. கீழே ஒரே ஒரு வரி: "உன் மச்சான் காது. இந்த வாரத்துல இது மூணாவது உறை."

டூகல் வாயில் பல்தேய்க்கும் பிரஷ்ஷோடு அதைப் பார்த்தான். அக்கா எதற்கெடுத்தாலும் பதறுகிற ரகம் இல்லை. ஒரு தடவை சமையலறைக்குள் பாம்பு வந்தபோது, அதைத் துடைப்பத்தால் வெளியே தள்ளிவிட்டு வந்து முட்டைப் பொரியலை முடித்தவள். வாயைக் கொப்பளித்துவிட்டு அவளுக்குப் போன் போட்டான்.

"டேய் டூகல், நான் கேட்டா கொசு கடிச்சுதுங்கறார் மனுஷன். எந்தக் கொசுடா நாலு மாசமா ஒரே இடத்துல கடிக்கும்? நான் பேசிப் பேசி வாய் வலிச்சதுதான் மிச்சம். நீயாவது டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போ."

"நான் சொன்னா மட்டும் கேட்டுடுவாரா?"

"ஜனவரியில அவருக்கு நாப்பத்தெட்டு. ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

டூகலுக்கு ஞாபகம் இருந்தது. அக்கா புருஷன் லெஸ்டரின் அப்பா கரும்பு விவசாயி. முதுகில் ஒரு கறுப்பு மச்சம் வந்து, அது உள்ளுக்குள் இறங்கி, நாற்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். லெஸ்டர் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவான்.

ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் பக்கத்தில் கரும்பு அப்படித் தளதளவென்று வளர்வதற்கும், மனிதத் தோல் சீக்கிரம் கெட்டுப்போவதற்கும் ஒரே காரணம்தான். அந்த வெயிலில் கூரை மேல் நின்று தகர ஷீட் போடுகிறவர்கள் இவர்கள். முதலாளி ரெக்ஸ், டோங்காவிலிருந்து வந்த செமிசி, லெஸ்டர், டூகல் என்று நான்கு பேர். ரெக்ஸின் மூக்கை டாக்டர்கள் பல தடவை சுரண்டிவிட்டார்கள், இப்போது பாதிதான் மிச்சம். லெஸ்டர் கையில்லா பனியனும் அரை டிராயரும் போட்டுக்கொண்டு, சிவந்த முடியும் அதைவிடச் சிவந்த தோளுமாக அலைவான். டூகல் மட்டும் முழுக்கைச் சட்டை, முழுக் கால்சட்டை, ஹெல்மெட்டைச் சுற்றி அகல விளிம்பு, பின்கழுத்தில் தொங்கும் துணி. டீ இடைவேளைக்கு ஒருதரம் முகத்தில் க்ரீம். அதனால் அவனுக்கு அங்கே 'அத்தை' என்று பெயர்.

அன்றைக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கழுவிப் பெட்டியில் அடைக்கும் கொட்டகை ஒன்றுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். காலை டீ இடைவேளைக்கு இறங்கினார்கள். அதை அங்கே 'ஸ்மோக்கோ' என்பார்கள். அந்த நேரத்தில் பேசுவது எதையும் யாரும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். டூகல் அந்தச் சட்டத்தை நம்பி ஆரம்பித்தான்.

"மச்சான், காதுல என்ன?"

"காதுல காது இருக்கு."

"ரத்தம் வருதாமே."

"உங்க அக்கா பேச்சைத் தினம் கேட்டா உன் காதுலயும்தான் ரத்தம் வரும்."

செமிசி வாயிலிருந்த காபியைத் துப்பிவிட்டுச் சிரித்தான். லெஸ்டர் இறைச்சி அடைத்த பஃப்ஸைக் கடித்தபடி, "அத்தே, கன்னத்துல க்ரீம் போட்டே சரி, லிப்ஸ்டிக் மறந்துட்டியே" என்றான். பேச்சு அதோடு முடிந்தது. லெஸ்டரின் காதின் மேல் ஓரத்தில், பட்டாணி அளவுக்குக் காய்ந்த பொருக்கு. அதைச் சுற்றிச் சிவந்திருந்தது.

அப்போதுதான் ரெக்ஸ் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "திங்கக்கிழமை ஷீட் கடை வளாகத்துக்குத் தோல் பாக்குற வேன் வருதாம். இலவசம். போறவன் போங்க."

"நீ போவியா ரெக்ஸ்?" என்று செமிசி கேட்டான்.

"நான் போனா மிச்ச மூக்கையும் எடுத்துக்குவாங்க."

"எனக்குத் தேவையில்லப்பா. எங்கம்மா என்னைப் பெத்தப்பவே கெட்டியா க்ரீம் பூசித்தான் அனுப்பினாங்க" என்றான் செமிசி, தன் பழுப்பு நிறக் கையைத் தடவி.

லெஸ்டர் காகிதப் பையைச் சுருட்டி எறிந்துவிட்டு ஏணிப் பக்கம் நடந்தான். இவனை நேராக இழுத்தால் வரமாட்டான் என்பது டூகலுக்கு அந்த நொடியே தெளிவாகிவிட்டது.

வழி காட்டியது குதிரைதான். வேன் வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, மெல்போர்ன் குதிரைப் பந்தயம். வருஷத்தில் அந்த ஒருநாள் நாடே வேலையை நிறுத்திவிட்டு டிவி முன்னால் நிற்கும். வேலையிடம் தோறும் குதிரைகளின் பெயரைச் சீட்டில் எழுதி, வாளியில் போட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று எடுப்பார்கள். சீட்டு எடுக்கமாட்டேன் என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. சொன்னால் அவன் கஞ்சன், அல்லது கர்வம் பிடித்தவன், எப்படியும் கூட்டாளி இல்லை. வேன் பேச்சு நடந்த மறுநாள் ரெக்ஸ் சீட்டுகளை வெட்டிக்கொண்டிருக்கும்போது டூகல் குறுக்கே புகுந்தான்.

"இந்த வருஷம் குதிரை வேண்டாம் ரெக்ஸ். நாமளே ஓடுவோம்."

"எங்கே ஓடுறது?"

"வேனுக்கு. நம்ம நாலு பேர் பேரைப் போடு. ஆளுக்கு ஒரு ஆளை எடுக்கணும். எவனோட ஆளுக்கு டாக்டர் தோல்ல இருக்கிற புள்ளிகளை அதிகமாக் கருக்கி விடுறாங்களோ, அவனுக்கு ஒரு பெட்டி பீர். பெட்டி உன் செலவு."

ரெக்ஸ் அரை மூக்கைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். செமிசிக்கும் பிடித்துப்போயிற்று. லெஸ்டரும் முதலில் சிரித்தான். பாதிச் சிரிப்பில் விஷயம் புரிந்து டூகலைப் பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வையில் ஷீட்டையே வளைத்திருக்கலாம். ஆனால் வாளி சுற்றி வந்துவிட்டது. ரெக்ஸுக்குச் செமிசி. டூகலுக்கு ரெக்ஸ். செமிசி தன் சீட்டைப் பிரித்துவிட்டுக் குதித்தான்.

"லெஸ்டர்! எனக்கு லெஸ்டர்! பீர் வந்தாச்சு! கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தாலே இவன் மேல இருபது தெரியுதேடா!"

லெஸ்டர் தன் சீட்டைப் பார்த்துக் காறித் துப்பினான். "எனக்கு அத்தை. வருஷம் பூரா போர்வைய போத்திக்கிட்டு லாயத்துல நிக்கிற குதிரை. நாசமாப் போச்சு."

"மச்சான், ஓடலைன்னா செமிசியோட பீர் போயிடும்" என்றான் டூகல்.

"தெரியும்டா" என்றான் லெஸ்டர். அவன் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் ஷீட் கடை வளாகத்தில் அந்த வெள்ளை வேன் நின்றது. வெளியே நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள். ரெக்ஸ் உள்ளே போய் மூக்கில் இன்னொரு சுரண்டலோடு வந்தார். செமிசி போய் ஒன்றும் இல்லாமல் வந்து, உள்ளங்காலைக்கூடப் பார்த்தார்கள் என்று கூச்சப்பட்டான். அடுத்தது லெஸ்டர். எழுந்தான், படி வரைக்கும் போனான், நின்றான்.

"நீ முதல்ல போ" என்றான் டூகலிடம். "என் குதிரை ஓடுறதைப் பாத்துட்டுப் போறேன்."

டூகலுக்கு எரிச்சல்தான். இருந்தாலும் தனக்கு ஐந்து நிமிஷ வேலைதானே என்று ஏறினான். உள்ளே குட்டையான, நடு வயது டாக்டரம்மா. கையில் விளக்கு வைத்த கண்ணாடி. முதுகு, தோள், கை, கால் இடுக்கு என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கூரை வேலையா செய்யறீங்க? நம்பவே முடியல. இவ்வளவு சுத்தமான தோலை நான் இந்த ஊர்ல பார்த்து ரொம்ப நாளாச்சு."

டூகலுக்கு உச்சி குளிர்ந்தது. இதை வெளியே இருப்பவர்கள் காதில் விழுகிற மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்றுகூட நினைத்தான்.

"தாடையைத் தூக்குங்க."

தூக்கினான். டாக்டரம்மா விளக்கை அருகில் கொண்டுவந்தாள். விரலால் தோலை இழுத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். டூகல் வேனின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க ஒண்ணு இருக்கே, பார்த்திருக்கீங்களா?"

"சவரம் பண்றப்ப கீறினது."

"எப்போ?"

யோசித்தான். "ஈஸ்டர் சமயம்." சொன்ன பிறகுதான் இது நவம்பர் என்று அவனுக்கே உறைத்தது.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். "வெட்டி எடுத்துப் பரிசோதிச்சாத்தான் உறுதியாத் தெரியும். பாக்கறதுக்கு மெலனோமா மாதிரி இருக்கு, அதான் மச்சம் மாதிரி வர்ற தோல் புற்றுநோய். சின்னதா இருக்கு, தட்டையா இருக்கு. அது நல்ல விஷயம். வியாழக்கிழமை என் க்ளினிக்குக்கு வாங்க, எடுத்துடலாம்."

"அங்கே வெயிலே படாதே டாக்டர். இவ்ளோ பெரிய விளிம்பு இருக்கே ஹெல்மெட்ல."

"புது ஷீட்டா போடுறீங்க?"

"ஆமா. பளபளன்னு."

"கறுப்புக் கண்ணாடி போடாம அதைப் பாக்க முடியுமா?"

"முடியாது. கண்ணு கூசிப்போயிடும்."

"கண்ணுக்கு வர்றது தாடைக்கு வராதா?"

டூகல் அத்தனை வருஷமும் மேலே இருக்கிற எதிரிக்கு மட்டுமே குடை பிடித்திருக்கிறான். அவன் கையால் வரிசையாகத் திருகிப் பொருத்திய ஷீட்டே வெயிலை அள்ளி, விளிம்புக்கு அடியில், தாடைக்கு, கழுத்துக்கு என்று வீசிக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு, மற்றதைத் திறந்துபோட்டிருக்கிறான். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது, அது யாருக்காக என்று நன்றாகத் தெரிந்தது.

படியில் இறங்குவதற்குள் ஒரு முடிவு எடுத்தான். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். உண்மையைச் சொன்னால் லெஸ்டர் இரண்டில் ஒன்று செய்வான். 'போத்திக்கிட்டவனுக்கே வந்துடுச்சு, அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து' என்பான். இல்லாவிட்டால் ஓடிப்போய்விடுவான். இவனை உள்ளே அனுப்பும் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.

"என்ன அத்தே, என் குதிரை ஜெயிச்சுதா?" என்றான் லெஸ்டர்.

டூகல் வாயைத் திறந்தான். பொய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் வந்தது அது இல்லை.

"தாடைக்குக் கீழ ஒண்ணு இருக்காம். கெட்டதா இருக்கும்னு சொல்றாங்க. வெட்டணுமாம்." கொஞ்சம் நிறுத்தினான். "எனக்குப் பயமா இருக்கு மச்சான்."

ரெக்ஸும் செமிசியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லெஸ்டர் எழுந்தான். தன் வண்டியை நோக்கி விறுவிறுவென்று நடந்தான். கதவைத் திறந்தான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று டூகலுக்குத் தோன்றியது. நினைத்து வைத்த பொய்யையே சொல்லித் தொலைத்திருக்கலாம். அக்காவுக்கு என்ன சொல்லப் போகிறான்?

லெஸ்டர் வண்டிக்குள் குனிந்து எதையோ எடுத்தான். கதவை ஓங்கிச் சாத்தினான். திரும்பி வந்து சாவியைச் செமிசியின் மடியில் போட்டான்.

"வச்சுக்க. நான் கேட்டாலும் தராதே. பையில இருந்துச்சுன்னா நான் இப்பவே ஓட்டிட்டுப் போயிடுவேன்."

பிறகு டூகலின் மணிக்கட்டைப் பிடித்தான். "நீ என்கூட உள்ள வா. உனக்குப் பயமா இருக்குன்னா எனக்கு மட்டும் என்னவாம்?"

இருவரும் ஏறினார்கள். அந்தச் சின்ன வேனில் இரண்டு தடியர்கள் நிற்க இடமில்லை. டூகல் கை கழுவும் தொட்டிக்கும் கதவுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றான். டாக்டரம்மா காதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே லெஸ்டர் பேச ஆரம்பித்துவிட்டான். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னான்.

"எங்கப்பாவுக்கு முதுகுல இருந்துச்சு. அம்மாதான் பார்த்தாங்க. டாக்டர்கிட்ட போகச் சொன்னாங்க. கரும்பு வெட்டு முடியட்டும்னார். வெட்டும் முடிஞ்சுது, அவரும் முடிஞ்சார்." மூச்சு விட்டான். "கேக்காம இருந்தா எனக்கு வராதுன்னு நினைச்சிட்டேன் டாக்டர். முட்டாள்தனம்தான்."

"முட்டாள்தனம்தான்" என்றாள் டாக்டரம்மா. "ஆனா இன்னைக்கு வந்துட்டீங்க இல்ல. காதைக் காட்டுங்க."

காதில் இருந்தது வேறு ஜாதி. மெலனோமா இல்லை. அதைவிட மெதுவாக நகர்வது, ஆனாலும் விட்டுவைக்க முடியாதது. ஒரு துண்டு வெட்டித் தைக்க வேண்டும் என்றாள். கழுத்தில் விரல் வைத்துக் கட்டி ஏதும் இல்லை என்று பார்த்தாள். அப்பாவைப் போல இருக்குமா என்று லெஸ்டர் மூன்று விதமாகக் கேட்டான். மூன்று தடவையும் அவள் பொறுமையாக, அப்படித் தெரியவில்லை என்றாள்.

அப்புறம் தோள்களுக்கு வந்தாள். கெட்டுப்போகக் காத்திருந்த சொரசொரப்புகளை எல்லாம் தோலை உறைய வைக்கும் குளிர்ப்புகை அடித்துக் கருக்கினாள். ஒவ்வொரு 'உஸ்' சத்தத்துக்கும் வெளியிலிருந்து செமிசி உரக்க எண்ணினான். ஏழாவதுக்குக் கைதட்டினான். பன்னிரண்டாவதுக்கு, "போதும் டாக்டர், ரெக்ஸ் அழுறார்!" என்று கத்தினான். லெஸ்டர் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தான். டூகலுக்கும் சிரிப்பு வந்தது. தாடைக்குக் கீழே இருப்பதை ஒரு நிமிஷம் மறந்தே போனான்.

வியாழக்கிழமை இருவருக்கும் வெட்டினார்கள். டூகலைக் கூட்டிப்போனதும் திரும்பக் கொண்டுவந்து விட்டதும் லெஸ்டர்தான். தன் காதில் பெரிய கட்டோடு, ஒரு பக்கம் கேட்காமல், வழியெல்லாம் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டு ஓட்டினான். அதன் பிறகு முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள்தான் கொடுமை. தையல் பிரியும் வரை கூரை ஏறக் கூடாது என்று உத்தரவு. இருவரும் கீழே நின்று ஷீட்டை அளந்து கொடுத்தார்கள். போன் அடித்தால் இருவரும் ஒன்றாகத் திடுக்கிட்டார்கள். டூகல் ராத்திரியில் விரலால் தாடையைத் தடவித் தடவிப் பார்த்தான். செத்துவிடுவோமோ என்று வெளிப்படையாகவே நினைத்தான். அதை யாரிடம் சொல்வது என்று தேட வேண்டியிருக்கவில்லை, காலையில் லெஸ்டரிடம் சொன்னான். "நானும் அதைத்தான் நினைச்சுட்டுக் கிடந்தேன்" என்றான் அவன்.

போன் வந்தபோது இருவரும் சாஸ் பாட்டிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டூகலுடையது மெலனோமாதான். ஆனால் மேல்தோலைத் தாண்டவில்லை. சுற்றிலும் இன்னும் கொஞ்சம் எடுத்துவிட்டால் போதும், அதன் பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். லெஸ்டர் காதில் இருந்தது முழுசாக வந்துவிட்டது, ஓரங்கள் சுத்தம். டூகல் போனை வைத்துவிட்டு, அடுக்கி வைத்திருந்த ஷீட் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான், அது அப்படிக் கொதித்தது. லெஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்தபோது அவன் கண் நிறைய ஈரம்.

வேலையிலும் சில மாறுதல்கள் வந்தன. கழுத்திலிருந்து மூக்கு வரைக்கும் இழுத்துவிடும் துணி நாலு பேருக்கும் வந்தது. ரெக்ஸ் போட்டால் வங்கியைக் கொள்ளையடிக்க வந்த கிழவன் மாதிரி இருக்கிறார் என்று செமிசி சொன்னான். விடிந்ததும் ஏறி, உச்சி வெயிலுக்கு முன்னால் இறங்கிவிடுவது என்று ஏற்பாடு. ஷீட் வெட்டும் மேசைக்கு மேல் ஒரு பந்தல். ரெக்ஸ் செலவைச் சொல்லிப் புலம்பினார், ஆனால் பந்தலுக்குக் கீழே முதலில் போய் உட்கார்ந்ததும் அவர்தான். டூகலை இப்போதும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள். க்ரீம் டப்பாவை மட்டும் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள்.

டிசம்பர் சனிக்கிழமை ஒன்றில் லெஸ்டர் வீட்டுப் பின்கட்டில் கூடினார்கள். லெஸ்டர் இடுக்கியோடு அடுப்பு முன்னால் நின்று சாசேஜ்களைக் கருக்கிக்கொண்டிருந்தான். காதின் மேல் ஓரம் ஒரு கடி கடித்த மாதிரி குறைந்திருந்தது. மார்லீன் மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெக்ஸ்கிட்ட லீவு சொல்லிட்டேன்" என்றான் லெஸ்டர், அடுப்பைப் பார்த்தபடியே. "அடுத்த வருஷம் நடுவுல இங்க குளிர் வர்றப்ப, திமிங்கிலம் வர்ற சமயத்துல ஹார்வி பே கடற்கரைக்குப் போய் ரெண்டு வாரம் தங்கலாம். படகு ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கலாம்."

மார்லீனின் கத்தி நின்றது.

டூகலுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. அக்கா ஏன் இப்படி நிற்கிறாள் என்று பார்த்தான். பிறகுதான் உறைத்தது. கல்யாணம் ஆன நாள் முதல், லெஸ்டர் 'அடுத்த வருஷம்' என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. வீட்டுக்கு இன்னொரு அறை கட்டலாமா என்றால் பார்க்கலாம் என்பான். எங்காவது போகலாமா என்றால் இந்த வாரக் கடைசிக்குப் போகலாம் என்பான். நாற்பத்தெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாளைக்கூட அவன் இதுவரை யோசித்து வைக்கவில்லை. அதை அக்கா மட்டும் இத்தனை வருஷமாக அறிந்திருக்கிறாள், யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

மார்லீன் வீட்டுக்குள் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடும் சத்தம் கேட்டது. லெஸ்டர் இடுக்கியை வைத்துக்கொண்டு டூகலைப் பார்த்தான். டூகல் பார்வையை அடுப்பின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மேசையில் உட்கார்ந்து மறுபடி கத்தியை எடுத்தாள்.

"எந்த மாசம்?" என்று கேட்டாள்.

"ஆகஸ்ட்" என்றான் லெஸ்டர்.